கம்பளை விவாதமும் எமது வட்ஸ்அப் விவாதமும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது வாசியுங்கள்.

டிசம்பர் பிறந்தால் எமது வட்ஸ்அப் குழுக்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. கிறிஸ்தவப் போதகர் ஒருவர் மேடையில் பதில் சொல்லத் திணறும் மூன்று நிமிடக் காணொளி வரும். அடுத்து "பைபிளில் உள்ள முரண்பாடுகள்" என்று ஒரு பட்டியல் வரும். கீழே "மாஷா அல்லாஹ்" வரிசையாக விழும். அந்தக் குழுவில் கிறிஸ்தவர் ஒருவர்கூட இருக்கமாட்டார். பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில் வெல்வதற்குப் பெரிய அறிவு தேவையில்லை.

கிறிஸ்தவ நம்பிக்கைகளை விமர்சிக்கவே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. ஈஸா (அலை) அவர்கள் அல்லாஹ்வின் தூதர், அவனுடைய மகனல்லர் என்பது எமது ஈமான். திரித்துவத்தை அல்குர்ஆன் மறுக்கிறது. அதை மறைத்துவிட்டு நல்லிணக்கம் பேசினால் அது பொய்யான நல்லிணக்கம். ஆனால் விமர்சனத்துக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கைப் படிக்க நாம் வெகுதூரம் போகத் தேவையில்லை. எமது கண்டிச் சீமையின் வரலாறே போதும்.

முதலில் கண்டி இராச்சியத்தைப் பார்ப்போம். கரையோரத்தில் போர்த்துக்கேயர் முஸ்லிம்களைத் துரத்தியபோது செனரத் மன்னன் அடைக்கலம் கொடுத்தான் என்பது எமது பிள்ளைகளுக்கும் தெரிந்த வரலாறு. மலைநாட்டில் மடிகே எனப்பட்ட தாவளப் போக்குவரத்து எமது முன்னோர் கையில் இருந்தது. இதே கண்டி இன்னொரு கூட்டத்துக்கும் அடைக்கலம் கொடுத்ததை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒல்லாந்தர் புரட்டஸ்தாந்து மதத்தினர். தமது ஆட்சிப் பகுதியில் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்தார்கள். அந்தக் காலத்தில் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசவ் வாஸ் அடிகள் 1692இல் கண்டிக்கு வந்து சேர்ந்தார். ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறை வைக்கப்பட்டார். பின்னர் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சமயப் பணி செய்ய அனுமதித்தான். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. பலர் நோயாளிகளைக் கைவிட்டுப் போனார்கள். வாஸ் அடிகளும் அவருடைய தோழரும் மதம் பார்க்காமல் அவர்களைப் பராமரித்தார்கள். 1711 ஜனவரி 16ஆம் திகதி அவர் கண்டியிலேயே காலமானார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக அறிவித்தது எமக்கு நினைவிருக்கும். இஸ்லாமியரும் கத்தோலிக்கரும் ஒரே மன்னர் பரம்பரையின் நிழலில் தங்கியவர்கள். சில பத்தாண்டுகளின் பின், ஸ்ரீ விஜய ராஜசிங்கன் காலத்தில், கத்தோலிக்கக் குருமார் கண்டியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அடைக்கலம் என்பது நிரந்தர உறுதியல்ல என்பதையும் கண்டி அப்போதே காட்டிவிட்டது.

இனி ஆங்கிலேயர் காலம். 1815இல் கண்டி வீழ்ந்தது. 1840களில் தலதா மாளிகைக்குப் பக்கத்தில், நாத தேவாலயத்தை ஒட்டி, செங்கல்லால் சென் போல்ஸ் தேவாலயம் எழுந்தது. பௌத்தர்களுடைய புனித வளவில் ஆட்சியாளரின் தேவாலயம் நின்றால் சாதாரண மக்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை நாம் ஊகிக்கலாம். மிஷனரிமார் அச்சுக்கூடம் வைத்தார்கள், பாடசாலை வைத்தார்கள், துண்டுப் பிரசுரம் பரப்பினார்கள். வெஸ்லியன் மிஷனரி டானியல் கோகர்லி பாளி மொழியை ஆழமாகக் கற்று, 1849இல் 'கிறிஸ்தியானி பிரக்ஞப்தி' என்ற நூலில் பௌத்தத்தைக் கடுமையாக விமர்சித்தார்.

இதற்கு எல்லா இடத்திலும் பதில் கிளம்பியது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதினார். அவர் பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து பைபிளின் தமிழ் மொழிபெயர்ப்பில் பணியாற்றியவர்; எதிர்ப்பதை வாசித்துவிட்டே எதிர்த்தார். அதே 1854இல், ஏப்ரல் 10, 11ஆம் திகதிகளில், வட இந்தியாவின் ஆக்ராவில் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி, மிஷனரி பாண்டருடன் பகிரங்க விவாதம் செய்தார். அவருக்குத் துணையாக இருந்த டொக்டர் வஸீர் கான் ஐரோப்பியர் எழுதிய பைபிள் ஆய்வு நூல்களைத் தேடிப் படித்திருந்தவர். எமது பேச்சாளர்கள் இன்றும் எடுத்தாளும் 'இஸ்ஹாருல் ஹக்' நூல் அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது.

இலங்கையில் பௌத்தர் தரப்பில் எழுந்தவர் மிகெட்டுவத்தே குணானந்த தேரர். 1862இல் கொட்டாஞ்சேனையில் பௌத்த பிரசார சங்கத்தை அமைத்தவர். 1865இல் பத்தேகமவிலும் வராகொடவிலும், 1866இல் உதன்விட்டவிலும், 1871இல் எமது கம்பளையிலும், கடைசியாக 1873இல் பாணந்துறையிலும் பௌத்த - கிறிஸ்தவ விவாதங்கள் நடந்தன. பாணந்துறையை உலகம் அறியும். அதற்கு முந்திய மேடை கண்டிக்குப் பக்கத்தில் கம்பளையில் இருந்தது என்பதை நாமே மறந்துவிட்டோம்.

பாணந்துறையில் என்ன ஒழுங்கு இருந்தது? வெஸ்லியன் போதகர் டேவிட் டி சில்வா ஜூன் மாதம் ஆன்மாவைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். குணானந்த தேரர் அதற்கு மறுப்புரை சொன்னார். இரு தரப்பும் எழுத்தில் உடன்படிக்கை செய்துகொண்டன. 1873 ஓகஸ்ட் 26, 28 ஆகிய இரு நாட்கள். ஆயிரக்கணக்கான சனம். ஒரு தரப்பு ஒரு மணி நேரம் பேச, மறு தரப்பு இருந்து கேட்க வேண்டும். பிறகு மாறி மாறி. இரு தரப்பு உரைகளும் பதிவாகின. 'சிலோன் டைம்ஸ்' ஆசிரியர் ஜோன் கப்பர் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதில் தேரருடைய கேள்வியும் இருந்தது, போதகருடைய பதிலும் இருந்தது. இரண்டு நாளும் இரத்தம் சிந்தவில்லை.

அங்கே பேசப்பட்டதைக் கவனமாக வாசித்தால், ஒரு முஸ்லிமுக்குச் சில இடங்களில் தூக்கிவாரிப்போடும்.

டேவிட் டி சில்வாவின் முக்கிய குற்றச்சாட்டு: நிலையான ஆன்மா இல்லை என்று பௌத்தம் சொன்னால், பாவம் செய்தவன் ஒருவன், தண்டனை பெறுபவன் இன்னொருவன் ஆகிவிடாதா? மறுமையில் கேள்வி கணக்கை நம்பும் நாம் இங்கே போதகருக்குத் தலையசைப்போம்.

குணானந்த தேரர் பைபிளைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். மனிதனைப் படைத்ததற்காகக் கடவுள் மனம் வருந்தினார் என்று ஆதியாகமத்தில் வருகிறதே, எல்லாம் அறிந்தவன் எப்படி வருந்துவான் என்றார். இங்கே தேரருக்குத் தலையசைப்போம். எமது அகீதாவும் அதை ஏற்காது. அடுத்து, யாத்திராகமத்தில் கடவுள் தன்னை எரிச்சலுள்ளவன் என்கிறானே, பொறாமைப்படுபவன் கடவுளா என்றார். சிங்கள மொழிபெயர்ப்பில் அந்தச் சொல்லை மெருகூட்டி மறைத்துவிட்டதாகவும் குற்றம் சாட்டினார்.

இங்கே நாம் கைதட்டலாமா? அல்லாஹ்வைவிட 'கைரத்' உள்ளவர் எவருமில்லை என்ற கருத்தில் ஸஹீஹுல் புகாரியில் ஹதீஸ் இருக்கிறது. கைரத் என்ற சொல்லையும் ஒருவர் பொறாமை என்று மொழிபெயர்த்து எம்மிடம் இதே கேள்வியைக் கேட்கலாம். நாம் என்ன சொல்வோம்? அது மனிதனுடைய அற்பப் பொறாமையல்ல, தனக்குரிய உரிமை மீறப்படுவதைப் பொறுக்காத ரோசம் என்போம். கிறிஸ்தவ அறிஞர்கள் சொல்வதும் ஏறக்குறைய அதுதான்: கணவன் மனைவியின் உடன்படிக்கையைப் போல் கடவுளுக்கும் அவனுடைய மக்களுக்கும் உடன்படிக்கை இருக்கிறது, அதை மீறுவதைப் பொறுக்காத ரோசமே அது என்கிறார்கள். எமக்கு நாம் கேட்கும் விளக்கத்தை அவர்களுக்கு மறுத்தால் அது நீதியாகாது.

இன்னும் பாருங்கள். படைத்தவன் ஒருவன் இருக்கிறான் என்பதையே பௌத்தம் ஏற்பதில்லை. பாணந்துறையில் மூஸா (அலை) அவர்களுடைய வரலாறும் கேலிக்குள்ளானது. அந்த அம்புகளில் பல எம்மீதும் பட்டிருக்க வேண்டியவை. "தேரர் பாதிரியாரை மடக்கினார்" என்று மகிழும் எமது சகோதரர்கள் அந்த உரைகளை முழுதாக வாசிக்கவில்லை என்றே நினைக்கிறோம்.

எமக்கே உரிய விமர்சனத்துக்கு வருவோம். திரித்துவம். மூன்று கடவுள்களை வணங்குகிறார்கள் என்று நாம் சுருக்கிச் சொல்கிறோம். கிறிஸ்தவர் இதைக் கேட்டால் "மூன்று கடவுள் என்று சொல்பவன் எமது சபையிலும் வழிகெட்டவனே" என்பார். ஒரே இறைத்தன்மை, அதில் மூன்று ஆட்கள் என்பது அவர்களுடைய கோட்பாடு. அதை வரையறுக்கவே கி.பி. 325இல் நீக்கேயாவில் தொடங்கி சபைகள் கூடினார்கள். கி.பி. 781 அளவில் பக்தாதில் கலீபா அல் மஹ்தி, திமோத்தி என்ற கிறிஸ்தவத் தலைவரை அழைத்து இதே கேள்வியைக் கேட்டார். சூரியனும் அதன் ஒளியும் வெப்பமும் மூன்று சூரியன்களல்லவே என்பது போன்ற உவமைகளால் திமோத்தி பதில் சொன்னார். கலீபா திருப்தியடையவில்லை. நாமும் திருப்தியடைய வேண்டியதில்லை. ஒளியும் வெப்பமும் சூரியனுடைய தன்மைகள். தன்மையை நோக்கி யாரும் துஆக் கேட்பதில்லை என்று நாம் மறுக்கலாம். அவர்கள் இன்னொரு கேள்வியோடு வரலாம். ஆனால் அந்தப் பேச்சு இப்போது சரியான இடத்தில் நடக்கிறது. அவர் நம்பாத ஒன்றை அவர் மேல் சுமத்தி அதை வீழ்த்தினால் வீழ்வது நாம் செய்த பொம்மைதான்.

வழிபாட்டு முறை பற்றியும் அப்படித்தான். கத்தோலிக்கத் தேவாலயத்தில் சுரூபங்களைப் பார்த்துச் சிலை வணக்கம் என்கிறோம். புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர்களில் பலரும் பல நூற்றாண்டுகளாக அதைத்தான் சொல்கிறார்கள். கத்தோலிக்கர் பதில், 787ஆம் ஆண்டு நீக்கேயாவில் கூடிய இரண்டாம் சங்கத்திலிருந்தே எழுத்தில் இருக்கிறது: வணக்கம் கடவுளுக்கு மட்டுமே, உருவத்துக்குக் காட்டும் மரியாதை அந்த உருவம் குறிக்கும் ஆளைச் சேர்கிறது. எமது மார்க்கம் இந்த வாதத்தை ஏற்காது. ஆனால் ஹஜருல் அஸ்வத்தை ஏன் முத்தமிடுகிறீர்கள் என்று சிங்கள நண்பர் கேட்கும்போது நாம் எவ்வளவு பொறுமையாக விளக்குகிறோம்! கண்டி மீரா மக்காம் போன்ற ஸியாரங்கள் பற்றி எமக்குள்ளேயே எத்தனை கருத்து வேறுபாடு! வெளியே நின்று பார்ப்பவருக்கு அந்த நுணுக்கங்கள் தெரியாது. அவர் எம்மிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும். நாமும் அப்படியே.

அடுத்த விமர்சனம் மதமாற்றம். பாடசாலையையும் உதவியையும் காட்டி ஆள் சேர்த்தார்கள் என்பது ஆங்கிலேயர் காலத்துக்குப் பொருந்தும் நியாயமான குற்றச்சாட்டு. மிஷன் பாடசாலைக்கு அனுப்பினால் பிள்ளை மார்க்கத்தை இழந்துவிடும் என்ற அச்சத்தில் எமது முன்னோர் பிள்ளைகளை அனுப்பவில்லை. அதனால் ஒரு முழுத் தலைமுறை ஆங்கிலக் கல்வியில் பின்தங்கியது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று எல்லாச் சமூகங்களும் கேட்ட நாளில் கண்டியில் பெண்களுக்கு உயர்கல்விக் கதவைத் திறந்தவர்களும் மிஷனரிமாரே. 'அந்நிய மதம்' என்ற குற்றச்சாட்டுக்குப் பிற்காலத்தில் டிரினிட்டிக் கல்லூரியின் தேவாலயம் கல்லிலேயே பதில் சொன்னது. கண்டிய அரச மண்டபத்தின் தூண் வரிசையைப் பின்பற்றி அது கட்டப்பட்டது. டேவிட் பெயின்டர் அதன் சுவரில் விவிலியக் காட்சிகளை இந்த மண்ணின் முகங்களோடு தீட்டினார். நியாயமான விமர்சனத்தைக் கேட்டுத் தம்மைத் திருத்திக்கொள்வதும் ஒரு வகைப் பதில்தான்.

மதமாற்றத் தடைச் சட்டம் பற்றிய பேச்சு எழும்போது எம்மில் சிலர் அது கிறிஸ்தவரை மட்டும் தொடும் என்று நினைக்கிறார்கள். 2004இல் ஜாதிக ஹெல உறுமய கொண்டுவந்த சட்டமூலம் போன்றவை நிறைவேறினால் எமது தஃவா எங்கே நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, அந்த விவாதங்களால் என்ன மிஞ்சியது? பாணந்துறை உரைகளை வாசித்து ஈர்க்கப்பட்ட அமெரிக்கர் கேர்ணல் ஒல்கொட் 1880இல் இலங்கைக்கு வந்தார். பௌத்தப் பாடசாலைகள் எழுந்தன. 1887இல் கண்டியில் தர்மராஜக் கல்லூரியின் தொடக்கம் அதன் கிளைதான். நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை வைத்தார். ரஹ்மத்துல்லாஹ் கைரானவி 1857க்குப் பிறகு மக்காவுக்குப் போய் அங்கே மத்ரஸா ஸௌலதிய்யாவை நிறுவினார். கண்டியில் பிறந்த எமது அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, மிஷன் பாடசாலைக்குப் பயந்து வீட்டில் இருப்பது தீர்வல்ல, எமக்கென்று பாடசாலை வேண்டும் என்று விடாமல் எழுதினார். நாடு கடத்தப்பட்டிருந்த ஒராபி பாஷாவும் வாப்பிச்சி மரிக்காரும் துணை நின்ற அந்த முயற்சியே பின்னர் கொழும்பு ஸாஹிராவாக வளர்ந்தது. மேடையில் யார் வென்றார் என்று இன்றும் சச்சரவிடலாம். ஆனால் இவர்கள் எல்லோரும் மேடையிலிருந்து இறங்கியதும் போன இடம் வகுப்பறை.

இதே காலத்தில் வேறொரு பாதையும் ஓடியது. பாணந்துறைக்குப் பத்து ஆண்டுகளின் பின், 1883 மார்ச் 25, ஈஸ்டர் ஞாயிறு. குணானந்த தேரருடைய கொட்டாஞ்சேனை விகாரைக்குச் சென்ற பெரஹர கத்தோலிக்கரால் தாக்கப்பட்டது. தேவாலயத்தின் அருகே மேளம் என்பதே சர்ச்சை. உயிர் போனது. பிறகு அதே மேளச் சர்ச்சை எமது வாசலுக்கு வந்தது. 1912இல் கம்பளையில், அம்பகமுவ வீதிப் பள்ளிவாசலைக் கடந்து வலஹாகொட தேவாலயப் பெரஹர மேளத்துடன் போகலாமா என்ற பிரச்சினை. 1914இல் கண்டி மாவட்ட நீதிபதி போல் பீரிஸ் தேவாலயத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. மே 28 இரவு, வெசாக் நாளில், கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலுக்கு முன்னால் மூண்ட தீ பல மாகாணங்களுக்குப் பரவியது. கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கரின் புண்ணாக இருந்தது கம்பளையில் எமது புண்ணாயிற்று.

1871 விவாதம்தான் 1915 கலவரத்தைப் பெற்றது என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது வரலாறாகாது. கடை, வியாபாரம், கடன், ஆட்சியாளரின் அலட்சியம் என்று பல காரணங்கள் உண்டு. நாம் கவனிக்கச் சொல்வது ஒன்றையே. அதே கம்பளை ஊர், விவாதத்தையும் கண்டது, மேளச் சண்டையையும் கண்டது. விவாத மேடையில், உங்கள் மார்க்கத்தைக் குறைகூறியவர் அடுத்த ஒரு மணி நேரம் உட்கார்ந்து உங்கள் பதிலைக் கேட்டாக வேண்டும். வீதியில் அந்தக் கட்டாயம் இல்லை. சத்தம் போட்டுவிட்டுப் போய்விடலாம். வட்ஸ்அப் எதற்கு நெருக்கம்? விவாத மேடைக்கா, வீதி மேளத்துக்கா? 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் எமது வீடுகளும் கடைகளும் எரிந்தபோது முகநூலில் எம்மைப் பற்றிச் சுற்றிய பொய்களை நினைத்துப் பாருங்கள். எம்மிடம் ஒருவரும் பதில் கேட்கவில்லை.

2019 ஏப்ரல் 21. மீண்டும் ஒரு ஈஸ்டர் ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாபிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள். 260க்கும் மேற்பட்ட உயிர்கள். அந்த நாட்களில் ஒவ்வொரு முஸ்லிமும் ஏங்கியது ஒன்றுக்குத்தான்: "அவர்கள் சொல்வது எமது மார்க்கமல்ல, எம்மிடம் கேளுங்கள்." அன்பானவர்களை மண்ணில் வைத்துவிட்டு வந்த கத்தோலிக்கரிடம் பழிவாங்க வேண்டாம் என்று கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஆண்டகை திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். மினுவாங்கொடையிலும் குருநாகல் பக்கத்திலும் அடுத்த மாதம் நடந்ததை நாம் மறக்கவில்லை. ஆனால் தாக்கப்பட்ட சமூகத்தின் தலைமை அந்த நேரத்தில் எடுத்த நிலைப்பாட்டையும் மறக்கக்கூடாது.

அல்குர்ஆன் ஸூரா அன்கபூத்தின் 46ஆவது வசனத்தில், வேதம் கொடுக்கப்பட்டவர்களுடன் அழகிய முறையிலன்றி வாதிட வேண்டாம் என்ற கருத்தில் எமக்குக் கட்டளை இருக்கிறது. அநியாயம் செய்வோர் மட்டுமே விதிவிலக்கு. வாதிடவே வேண்டாம் என்று அது சொல்லவில்லை. ஸூரா அன்ஆமின் 108ஆவது வசனம், பிறர் வணங்குபவற்றை ஏசுவதைத் தடுக்கிறது. நஜ்ரான் கிறிஸ்தவர்கள் மதீனாவுக்கு வந்து ஈஸா (அலை) பற்றி வாதிட்டபோது, அவர்கள் மஸ்ஜிதுன் நபவியிலேயே தமது வழிபாட்டைச் செய்ய நபி (ஸல்) அவர்கள் விட்டுவிட்டார்கள் என்று ஸீரா நூல்கள் சொல்கின்றன. கருத்தில் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை. விருந்தாளியை அவமதிக்கவும் இல்லை.

ஆகவே எமது இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். கிறிஸ்தவம் பற்றி ஒரு விமர்சனத்தைப் பகிர முன், அதற்கு ஒரு படித்த கிறிஸ்தவர் என்ன பதில் சொல்வார் என்பதை, அவரே "ஆம், இதுதான் எங்கள் பதில்" என்று ஏற்கும்படி எழுதிப் பாருங்கள். முடியவில்லையென்றால் அந்தப் பதிவை நிறுத்திவிட்டு முதலில் படியுங்கள். எமது பிள்ளைகளில் எத்தனையோ பேர் கண்டியின் கிறிஸ்தவப் பாடசாலைகளில் படித்து, ஐவேளைத் தொழுகையோடு வெளியே வந்தவர்கள். கேட்டறிய ஆளில்லை என்று எவரும் சொல்ல முடியாது. பதில் தெரிந்த பிறகும் உங்கள் விமர்சனம் நிற்குமானால், தாராளமாகச் சொல்லுங்கள். அவர் முன்னிலையில் சொல்லுங்கள். பிறகு ஒரு மணி நேரம் இருந்து கேளுங்கள்.

வஸ்ஸலாம்.